எழுந்திருக்கக் கூடாத ஐந்து பேர்

பாதாம் கொட்டைக்குள் புழு எப்படி நுழைகிறது என்று எதெல்மிரா விளக்கிக்கொண்டிருந்தபோது, அவளுடைய மாமனார் தோன் எர்மிலோ முட்கரண்டியால் தட்டைத் தட்டினார்.

“ரொட்டி.”

ஞாயிற்றுக்கிழமை மதியம். வீடு மொத்தமும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. மிளகாய் ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசி எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

“மாமா, வீடியோ ஓடிட்டிருக்கு...”

“ஓடட்டுமே. நானா அதைப் பிடிச்சு வச்சிருக்கேன்? சூடா ஒண்ணு போடு.”

அவள் கணவன் கூக்கோ சமாதானத் தூதன் மாதிரி கையை விரித்தான். “பேசிக்கிட்டே போடு மிரா. அடுப்பு என்ன அடுத்த ஊர்லயா இருக்கு?”

புத்தி வேண்டாம் என்று சொல்வதற்குள் எதெல்மிராவின் கால்கள் அடுப்படிக்குப் போய்விட்டன. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பழகிய கால்கள். சோள ரொட்டியைக் கல்லில் போட்டுக்கொண்டே, “பெண் அந்துப்பூச்சி விரிசல் விட்ட காயாகப் பார்த்து முட்டையிடும்” என்று குரலை உயர்த்திச் சொன்னாள். புரட்டிப் போட்டுக்கொண்டே புழுவின் வளர்ச்சியைச் சொன்னாள். மாமனாருக்கு ஒன்று வைத்துத் திரும்புவதற்குள் கொழுந்தன் சானோ தட்டை நீட்டினான். நாத்தனார் ஒப்தூலியா துவையல் எடுக்க எழுந்தாள், தண்ணீர் எடுக்க எழுந்தாள், மறுபடி எதற்கோ எழுந்தாள். பேச்சு முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

“நல்லாத்தான் பேசுறா. ரொட்டியும் கருகல” என்றார் தோன் எர்மிலோ.

அந்த வாரமே மதிப்பெண் வந்தது. தேறவில்லை. பேராசிரியை நைக்விஸ்ட் மரியாதையாகவே எழுதியிருந்தார்: பேச்சின் பெரும்பகுதியில் பேச்சாளரைக் காணோம். ஒரு சுவரும் மாதா படமும்தான் தெரிகின்றன. குரல் எங்கிருந்தோ வருகிறது. பார்வையாளர் ஒருவர் அடிக்கடி எழுந்து போகிறார். இன்னொருவர் பேச்சாளரிடம் உணவு கேட்கிறார் போலிருக்கிறது.

கூக்கோ அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். “மாதாவே புழுவைப் பத்திப் பேசின மாதிரில்ல இருந்திருக்கும்!”

எதெல்மிராவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஒரு பாடத்தில் அவளுடைய ஏழு வருஷப் பாடு தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் வேலை பார்த்தது பாதாம் ஆலையில். இயந்திரப் பட்டையில் ஓடிவரும் கொட்டைகளில் சொத்தையைப் பொறுக்கும் வேலை. மற்ற பெண்கள் புழுவைக் கண்டால் முகம் சுளித்துத் தூர எறிவார்கள். எதெல்மிரா மட்டும் அதை மாத்திரைக் குப்பியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, அது கூடு கட்டி அந்துப்பூச்சியாகிப் பறக்கும்வரை ஜன்னலோரத்தில் வைத்துப் பார்ப்பாள். ஒரே மகன் கடற்படையில் சேர்ந்து போனபின் வீட்டில் அவள் பேச்சுக்குச் செவி கொடுத்த உயிர் அந்தப் புழுக்கள்தான் என்று ஒப்தூலியா கேலி செய்வாள். பூச்சியியல் என்று ஒரு படிப்பே இருக்கிறது, அதைப் பள்ளத்தாக்கின் மறுகோடியில் உள்ள பல்கலைக்கழகத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்த அன்று எதெல்மிரா உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தாள்.

சேர்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பூச்சியைத் தொடுமுன் பொதுப்பாடங்களைத் தாண்ட வேண்டும். நீ பூச்சி படி, பாலம் கட்டப் படி, எதையாவது படி. பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டுமென்றால் வரலாறு, கலை, கணக்கு, தர்க்கம் என்று எல்லா வாசலிலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பருவத்துக்கு ஒரு பாடமாக அவள் போட்டுக்கொண்டே வந்தாள். இசை ரசனைப் பாடம் எடுத்தபோது, “பூச்சிக்குத் தாலாட்டுப் பாடவா?” என்றான் சானோ. தத்துவம் எடுத்தபோது, “புழு எதுக்குப் பொறந்துச்சுன்னு அதுக்கே எடுத்துச் சொல்லப்போறா” என்றார் தோன் எர்மிலோ. கணக்கில் மட்டும் யாரும் கேலி செய்யவில்லை. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒப்தூலியா.

மேடைப் பேச்சை மட்டும் கசப்பு மருந்து போலக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். பல்கலைக்கழகம் இடம் கொடுத்துவிட்டது; இந்தப் பாடமும் தேற வேண்டும் என்பது நிபந்தனை. தேறாவிட்டால் இடம் போய்விடும். பகலில் ஆலை வேலை இருந்ததால் பாடத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் எடுத்தாள். அதில்தான் அந்த விதி இருந்தது: வயது வந்த ஐந்து பேராவது எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும், பேச்சு முடியும்வரை அந்த ஐவரும் பேசுபவரும் படத்தில் தெரிய வேண்டும், நடுவில் வெட்டக் கூடாது. ஆலைப் பெண்களைக் கேட்டுப் பார்த்தாள். வேலை முடிந்த சங்கு ஊதியதும் அவர்களுக்கு அவரவர் அடுப்பு ஞாபகம் வந்துவிடும். மிஞ்சியது குடும்பம்தான்: மாமனார், கணவன், கொழுந்தன், அவன் மனைவி நெரெய்தா, நாத்தனார். சரியாக ஐந்து. ஒன்று குறைந்தாலும் ஆகாது.

“இது எந்த ஊர் நியாயம்?” என்று கேட்டாள் கூக்கோவிடம். “பூச்சி பாக்கப் போறவ எதுக்கு மேடையேறிப் பேசணும்?”

“அதான் நானும் சொல்றேன். கடவுளாப் பாத்து ஒரு முட்டுக்கட்டை போட்டா நாம என்ன செய்ய முடியும்?” என்றான் அவன். குரலில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போவதைப் பற்றி எப்போது கேட்டாலும் “பாத்துக்கலாம்” என்பான். கெட்டவனில்லை. அப்பாவையும் மனைவியையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முடியாது என்பதால் இருவரிடமும் மண்டையை ஆட்டியே தலைமுடியைப் பாதி இழந்தவன்.

கடைசிப் பேச்சு ஒன்று பாக்கியிருந்தது. அதில் நல்ல மதிப்பெண் வந்தால் விழுந்ததற்கும் சேர்த்து எழுந்துவிடலாம். எதெல்மிரா பேராசிரியையிடம் இணையத்தில் முகம் பார்த்துப் பேசினாள். நைக்விஸ்ட் ஐஸ் துண்டைக் கடித்தபடியே விதிகளை ஒப்பித்தார். அது இணங்க வைக்கும் பேச்சு. கேட்பவர்கள் ஒத்துக்கொள்ளாத ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் மனத்தை மாற்ற வேண்டும். முடிவில் அவர்களைக் கை தூக்கச் சொல்ல வேண்டும்.

“எங்க வீட்டுல நான் ஒரு வாக்கியம் முழுசாப் பேசி முடிச்சதே கெடையாதுங்க” என்றாள் எதெல்மிரா.

“அது உங்கள் தயாரிப்பில் உள்ள குறை” என்றார் நைக்விஸ்ட், இன்னொரு துண்டைக் கடித்து.

அன்று சாயங்காலம் பாத்திரம் தேய்க்கும்போது இதை ஒப்தூலியாவிடம் சொல்லி அழ ஆரம்பித்தாள். ஒப்தூலியா அழ விடவில்லை.

ஒப்தூலியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் அதே கல்லூரியில் ஒரு காலத்தில் படித்தவள்தான். கணக்கு. பள்ளிக்கூட ஆசிரியையாக வேண்டும் என்று ஆசை. முதல் வருஷம் முடியுமுன் அம்மா இறந்துபோனாள். தோன் எர்மிலோ அவளைப் படிக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, “இனி வீட்டைப் பாத்துக்க ஒப்தூலியா இருக்கா” என்று மட்டும் சொன்னார். உறவுக்காரர்கள் தலையசைத்தார்கள். பெற்றவருக்கென்று ஒரு மகளைக் கட்டிக்கொடுக்காமல் வீட்டோடு வைத்துக்கொள்வது, தெற்கு எல்லை தாண்டி வந்து இந்தத் தேசத்தில் குடியேறிய அந்த சனங்களிடையே வழக்கம். அவளுக்கு ‘வீட்டுத் தூண்’ என்று பெயரும் வைத்துப் புகழ்வார்கள். தூணுக்கு யார் நாற்காலி போடுகிறார்கள்? கேட்க வந்த மாப்பிள்ளைகள் வாசலோடு திரும்பினார்கள். ஒப்தூலியாவின் தலை நரைத்தது. தோன் எர்மிலோவுக்கோ எழுபது தாண்டியும் ஒரு பல் ஆடவில்லை. ஊர்க் கல்யாணங்களில் விதவைகளோடு விடியவிடிய ஆடிவிட்டு வருவார், வந்ததும் சப்பாத்தைக் கழற்றக் காலை நீட்டுவார்.

“அழறத நிறுத்துடி” என்றாள் ஒப்தூலியா. “அப்பாவுக்கு இங்கிலீஷ் எவ்வளவு தெரியும்?”

“‘ஓக்கே பாஸ்’ தெரியும். ‘நோ பிராப்ளம்’ தெரியும்.”

“அவ்வளவுதான? பேச்சு இங்கிலீஷ்லதான பேசணும்? உன் புருஷனுக்குப் புரியும். ஆனா காமிராவக் கண்டா அவன் வாயில ஈ போனாலும் துப்ப மாட்டான். சானோவ நெரெய்தா பாத்துப்பா.” ஒப்தூலியாவின் கண்களில் எதெல்மிரா பார்த்தேயிராத ஒரு விஷமம் மின்னியது. “நான் பல்கலைக்கழகத்துக்குப் போகத்தான் போறேன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லு. நடுவுல யாரும் எந்திரிக்கவும் முடியாது, பேசவும் முடியாது. இப்படி ஒரு சட்டம் நம்ம வீட்டுக்கு எப்பவாச்சும் வந்திருக்கா? உன் டீச்சரம்மாவுக்குக் கோயில் கட்டலாம்.”

“மாமா உக்காருவாரா அண்ணி?”

“பல்கலைக்கழகத்துப் பெரிய மனுசங்க உங்களப் பாக்கப்போறாங்கன்னு சொல்லு. உக்காருறாரா இல்லையான்னு பாரு.”

உட்கார்ந்தார். எப்படி உட்கார்ந்தார்! அடுத்த ஞாயிறு காலையிலேயே சவரம் செய்து மீசைக்கு மெழுகு தடவிக்கொண்டார். கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைத் தொப்பி, தீக்கோழித் தோல் சப்பாத்து, குதிரைத் தலை பொறித்த பித்தளைக் கொக்கியோடு இடுப்புப் பட்டை. சப்பாத்து படத்தில் தெரியாது என்று சானோ சொன்னதும், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக் காலைத் தூக்கிக் கால்மேல் போட்டுக்கொண்டார்.

“மாமா, பேச்சு முடியிறவரைக்கும் யாரும் பேசக் கூடாது, சாப்பிடக் கூடாது, எந்திரிக்கக் கூடாது. ஒருத்தர் எந்திரிச்சாலும் என் மார்க் போயிடும்.”

“நான் என்ன சின்னப் பிள்ளையா? இவனுங்களுக்குச் சொல்லு” என்று மகன்களைக் காட்டினார்.

எதெல்மிரா ஐந்து பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். ஒப்தூலியா வழக்கம்போல நாற்காலி நுனியில், எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்திருந்தாள். மேசையைச் சுற்றி ஐந்து நாற்காலி, ஐந்திலும் ஆள், அடுப்படியில் ஒருவரும் இல்லை. இந்த வீட்டில் இப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நிமிஷத்தில்தான் அவள் மனம் மாறியது. தயாரித்து வைத்திருந்த பேச்சை அப்படியே ஓரங்கட்டினாள். பொத்தானை அழுத்திவிட்டு எதிரே வந்து நின்றாள்.

“வணக்கம். நான் இன்னைக்கு உங்கள ஒரு விஷயத்துக்கு ஒத்துக்க வைக்கப் போறேன்” என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். “பெத்தவங்களப் பாத்துக்கன்னு ஒரு பொண்ண வீட்டோட கட்டிப் போடுற வழக்கம் ஒழியணும். நான் சொல்றது எங்க நாத்தனார் ஒப்தூலியாவப் பத்தி.”

ஒப்தூலியாவின் முகம் வெளிறியது. இது பேசிவைத்த பேச்சு இல்லை. தன்னைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் பயறு வெந்ததா என்று பார்க்கப் போய்விடுவது அவள் பழக்கம். இப்போதும் கால் தானாகத் தரையை உந்தியது. பக்கத்தில் இருந்த நெரெய்தா மேசைக்கடியில் அவள் பாதத்தின்மேல் தன் பாதத்தை அழுத்தி வைத்தாள்.

கூக்கோவின் வாய் திறந்து, காமிராவைப் பார்த்து, மூடிக்கொண்டது. தோன் எர்மிலோ ‘ஒப்தூலியா’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு பெருமையாகத் தலையசைத்தார்.

“பேச்சுக்கு மூணு ஆதாரம் காட்டணும்னு விதி இருக்கு” என்று தொடர்ந்தாள் எதெல்மிரா. வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு என்னென்ன நோய் வருகிறது என்று முன்பு ஒரு பாடத்தில் படித்திருந்த ஆராய்ச்சியைச் சொன்னாள். அப்படி இருந்த ஒருத்தி முதுமையில் ஒண்டிக்கொள்ள இடமில்லாமல் நின்ற செய்தியைச் சொன்னாள். “மூணாவது ஆதாரம் எங்க மாமனாரே. போன கிறிஸ்துமஸ்ல கொஞ்சம் குடிச்சிட்டு அவரே சொன்னார்: என் பிள்ளைங்கள்ல மூளையுள்ளது ஒப்தூலியாதான், மத்ததெல்லாம் கழுதைங்கன்னு. மூளையுள்ளதப் பாத்திரம் தேய்க்க வச்சிட்டு, கழுதைங்களக் கல்லூரிக்கு அனுப்பினது எந்த ஊர்க் கணக்கு?”

சானோ, படித்த கழுதை, தொண்டையைச் செருமினான். நெரெய்தா இன்னொரு காலை அவன் பக்கம் நீட்டினாள்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

அடுப்பில் பயறுப் பானை. தண்ணீர் வற்றிவிட்டது. முதலில் தோன் எர்மிலோவின் மூக்கு விடைத்தது. கண்ணை மட்டும் திருப்பி மகளைப் பார்த்தார். ஒப்தூலியா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மெல்லிய புகை அடுப்படி வாசலைத் தாண்டி மேசைப் பக்கம் வந்து எல்லோர் தலைக்கு மேலும் வட்டமிட்டது. காமிரா ஓடிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத்துப் பெரிய மனிதர்கள் பார்க்கிறார்கள். தோன் எர்மிலோ மீசையைத் தடவி, புருவத்தை அடுப்படிப் பக்கம் ஏற்றி இறக்கி, உதட்டைக் குவித்து, என்னென்னவோ சாடை காட்டினார். எழ வேண்டியவள் எழவில்லை. தானே எழுந்து போய் அடுப்பை அணைக்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை.

எதெல்மிராவும் முகர்ந்தாள். கால்கள் அரித்தன. தரையில் ஆணி அடித்ததுபோல ஊன்றி நின்றாள்.

“அவங்க சமையல்கட்டுல நின்னுக்கிட்டே எனக்கு நுண்கணிதம் சொல்லிக் குடுத்தாங்க” என்றாள். “கரண்டிக் காம்பால மாவுல கோடு போட்டு. நான் அந்தப் பாடத்துல முதல் தரம் வாங்கினேன். அந்தத் தரம் என் பேர்ல இருக்கு. இதுக்கு மேல நான் என்ன ஆதாரம் காட்ட?”

ஒப்தூலியா காமிராவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. எதெல்மிராவையே பார்த்தாள். கண் நிறைந்தது. துடைக்கவும் இல்லை. பின்பு மெல்ல, நாற்காலி நுனியிலிருந்து நகர்ந்து, முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தாள். பயறு பொசுங்கட்டும் என்பதுபோல.

“ஒப்தூலியா வர்ற பருவத்துலயே கல்லூரிக்குத் திரும்பணும்னு ஒத்துக்குறவங்க கை தூக்குங்க.”

நெரெய்தாவின் கை முதலில் போனது. சானோவின் கை போனது. அது தானாகப் போனதா, மேசைக்கடியில் கிள்ளு விழுந்து போனதா என்பது அவனுக்கும் அவன் மனைவிக்கும்தான் தெரியும். கைகள் உயர்வதைக் கண்ட தோன் எர்மிலோ, மரியாதை தெரியாதவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, தொப்பியையே கழற்றிக் கையை உச்சிக்கு உயர்த்திக் காமிராவைப் பார்த்துப் புன்னகைத்தார். கூக்கோ அப்பாவின் கையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், கடைசியாக அக்காளைப் பார்த்தான். அக்காள் கை மடியிலேயே இருந்தது. அவன் தன் கையைத் தூக்கினான். அதற்குப் பிறகுதான் ஒப்தூலியாவின் கை, ஏதோ அடுத்தவர் கைபோல, எழுந்தது.

எதெல்மிரா நன்றி சொல்லிப் பொத்தானை அழுத்தினாள்.

“பயறு!” என்று அலறினார் தோன் எர்மிலோ. “என்ன பொம்பளைங்கடா நீங்க, ஒருத்திக்காவது மூக்கு இருக்கா?” நெரெய்தா ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். புகை கொஞ்சம் அடங்கியதும் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: “என் படம் நல்லா விழுந்துச்சா? அது கெடக்கட்டும், ஒப்தூலியாவப் பத்தி என்னமோ சொன்னாளே, என்ன சொன்னா?”

எல்லோரும் கூக்கோவைப் பார்த்தார்கள். பூச்சியைப் பற்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அவன் வாயில் அந்த வார்த்தை வந்து நின்றதை எதெல்மிரா பார்த்தாள்.

“அக்காவ நீங்க வீட்டுல கட்டிப் போட்டது தப்புன்னு சொன்னாப்பா” என்றான் கூக்கோ. “அக்கா மறுபடி படிக்கப் போகணும்னு சொன்னா. ஒத்துக்கிறீங்களான்னு கேட்டா. நீங்க தொப்பியக் கழட்டிக் கை தூக்கிட்டீங்க.”

தோன் எர்மிலோவின் முகம் பயறுப் பானையின் அடி போலக் கறுத்தது.

“ஏமாத்து வேலை! என் வீட்டுல, என் மேசையில! அதை அழி. இப்பவே அழி!”

“அனுப்பிட்டேன் மாமா” என்றாள் எதெல்மிரா. உண்மையில் அவள் பெருவிரல் அந்தக் கணத்தில்தான் பொத்தானில் பட்டது.

“அப்ப அந்த டீச்சரம்மாவுக்குச் சொல்லு. நான் கை தூக்கினது செல்லாதுன்னு சொல்லு.”

“சொல்றேன் மாமா. எங்க மாமனாருக்கு இங்கிலீஷ் சுத்தமாப் புரியாது, எல்லாரும் தூக்குறாங்களேன்னு அவரும் தூக்கிட்டார்னு எழுதிடட்டுமா?”

சானோ வந்த சிரிப்பை இருமலாக மாற்றினான். தோன் எர்மிலோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நாற்பது வருஷம் இந்த மண்ணில் உழைத்த மனிதர். மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தெரியாத விஷயத்துக்குத் தொப்பியைக் கழற்றினார் என்று வெள்ளைக்காரி ஒருத்தி ஏட்டில் ஏறிவிட்டால்?

“யாருக்குப் புரியல?” என்றார் கடைசியில். “தெரியாமக் கை தூக்க நான் என்ன ஆட்டுக்கிடாவா? எல்லாம் புரிஞ்சுதான் தூக்கினேன். சும்மா உங்களச் சோதிச்சுப் பாத்தேன்.”

“அப்போ நான் போகலாமாப்பா?” என்றாள் ஒப்தூலியா. நாற்காலியிலிருந்து அவள் இன்னும் எழவில்லை.

“ஆம்பள தூக்கின கைய இறக்க மாட்டான்” என்று சொல்லிவிட்டு, பசியோடு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று கருகிய பானையைத் தேய்த்தவன் கூக்கோ. தேய்த்தபடியே, திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: “செப்டம்பர்லருந்து உனக்குத் தினமும் கார் வேணுமில்ல? முன் டயர் ரெண்டும் மொட்டையாக் கெடக்கு. மாத்தணும்.” எதெல்மிரா ஈரக் கையோடு அவன் முதுகில் ஒரு அறை வைத்தாள்.

மதிப்பெண் வந்தது. தேறியிருந்தாள். ஆனால் இணங்க வைத்தல் என்ற பகுதியில் நைக்விஸ்ட் தாராளமாக வெட்டியிருந்தார். காரணமும் எழுதியிருந்தார்: உங்கள் கருத்தை ஏற்காதவர்களைப் பார்வையாளராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே விதி. உங்கள் பார்வையாளர்கள், முக்கியமாகத் தொப்பி அணிந்த பெரியவர், ஆரம்பத்திலிருந்தே முழு மனத்தோடு உங்களை ஆதரிக்கிறார்கள். இத்தகைய முற்போக்கான குடும்பத்தில் பேச்சாளருக்குச் சவால் ஏதும் இல்லை.

ஒப்தூலியாவும் எதெல்மிராவும் அதைப் படித்துவிட்டுச் சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

செப்டம்பரில் எதெல்மிரா பூச்சிகளிடம் போனாள். ஒப்தூலியா கல்லூரிக்குப் போனாள். தோன் எர்மிலோ தினமும் முடிதிருத்தும் கடைக்குப் போனார். அங்கே, பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்காதவன் மனிதனே இல்லை என்றும், தன் மகளைத் தானே கையைப் பிடித்து அனுப்பி வைத்ததாகவும், அந்தக் காலத்திலேயே தன் மனம் இப்படித்தான் என்றும் சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பத் தொடங்கினார். கேட்டவர்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். சொன்னது பரவிப் பரவி, மறு வருஷம் அன்னையர் தினத்தையொட்டி ஊர்ப் பெண்கள் மன்றம் அவரைக் கூப்பிட்டுப் ‘பெண் கல்விக் காவலர்’ என்று ஒரு பட்டயம் கொடுக்கத் தீர்மானித்தது.

விழா அன்று காலையில் அவர் தும்பைப்பூ வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். “ஒப்தூலியா, இதைத் தேச்சு வை. மடிப்புக் கலையாம இருக்கணும். மேடையேறணும்.”

ஒப்தூலியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். “எனக்குப் புள்ளியியல் பரீட்சைப்பா. இஸ்திரிப் பெட்டி அலமாரிக்கு மேல இருக்கு.”

“உன் படிப்புக்காகத்தான எனக்கு மரியாதை பண்ணுறாங்க! அதுக்கு ஒரு சட்டை தேச்சுக் குடுக்க உனக்கு நேரமில்லையா?”

“நேரமில்லப்பா” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. எதெல்மிரா கூக்கோவோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேமாத வெயிலுக்கு மேல்கோட்டு போட முடியாது. தோன் எர்மிலோ வெறும் சட்டையோடு தொப்பியைக் கையில் பிடித்து மேடையேறினார். அவரே தேய்த்த சட்டையின் முன்பக்கம் சுமாராகத்தான் இருந்தது. நன்றாகப் பேசினார். பெண் என்பவள் வீட்டுக்கு விளக்கு, அந்த விளக்கை ஊருக்குக் கொடுத்தவன் நான் என்றார். தலைவி பட்டயத்தைக் கொடுத்துவிட்டு, “உங்க மக வரலையா?” என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டாள்.

“பரீட்சை” என்றார் அவர், பெருமையும் எரிச்சலுமாக.

கைதட்டல் எழுந்தது. அவர் குனிந்து வணங்கினார். பட்டயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, இருக்கைக்குப் போகத் திரும்பினார்.

வெள்ளைச் சட்டையின் முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவே, பழுப்பாகப் பொசுங்கிய ஒரு வடிவம் பளிச்சென்று இருந்தது. கீழே அகலமாக, மேலே கூராக. மண்டபத்தில் இருந்த ஆண்களுக்கு அது என்னவென்று சட்டென விளங்கவில்லை. பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கைதட்டல் ஒரு கணம் நின்றது. பின் வரிசையில் ஒருத்தி களுக்கென்றாள். அப்புறம் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கைதட்டத் தொடங்கினார்கள், முன்னைவிடப் பலமாக, விடாமல்.

தோன் எர்மிலோ நின்றார். திரும்பிப் பார்த்து, கண் கலங்கி, அவர்களுக்கு இன்னொரு முறை கும்பிடு போட்டார். மறுபடியும் முதுகைக் காட்டினார்.